பள்ளி முனையில் ரேடார் துப்பாக்கியால் வேகம் அளந்தோம், எண்ணிக்கை நம்பும்படி இல்லை

தோட்டத்து டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். எங்கள் தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் முனையில்தான் தமிழ்ப்பள்ளி. எதிரே கோயில், பேருந்து நிறுத்தம், இரண்டு ஒட்டுக்கடை. போன மாதம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பையன் ஒருவன் சைக்கிளில் அந்த முனையைக் கடக்கும்போது அடிபட்டான். கால் முறிந்து இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து வேகத்தடை கேட்டு எழுதினோம். "வண்டிகள் வேகமாக வருகின்றன என்று சொன்னால் போதாது, அளவு இருந்தால் கொடுங்கள்" என்று பதில் வந்தது.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் கட்டுமானம் படிக்கிறான். பயிற்சிக்கூடத்தில் அனுமதி வாங்கி ஒரு கைப்பிடி ரேடார் துப்பாக்கி கொண்டுவந்தான். சனிக்கிழமை காலை மணி 10 முதல் 11 வரை 40 வண்டிகளை அளந்தோம். சராசரி 54 கிலோமீட்டர். அங்கே வைத்திருக்கும் பலகை 60. அதாவது எல்லாரும் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள் என்று கருவி சொல்கிறது! தினமும் அந்த இடத்தில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கடத்திவிடுகிறவள் நான். இதை என்னால் நம்ப முடியவில்லை. தப்பு கருவியிலா, எங்களிடமா? இந்தத் தாளை இப்படியே கொடுத்தால் எங்கள் கோரிக்கை அதோடு முடிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

சாலைக்கணக்கு:

டீச்சர், தாளைக் கொடுக்காதீர்கள். முதலில் ஐந்து கேள்வி. சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றீர்கள்? வண்டி எவ்வளவு தூரத்தில் வரும்போது அளந்தீர்கள்? என்ன உடை? வந்த வண்டியையெல்லாம் அளந்தீர்களா, தேர்ந்தெடுத்தா? தொடங்கும் முன் இசைக்கவை தட்டிச் சோதித்தீர்களா?

தோட்டத்து டீச்சர்:

பேருந்து நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே நின்றோம், வெயில் அதிகம். நாடா பிடித்துப் பார்த்தேன்: வண்டி ஓடும் தடத்திலிருந்து 12 மீட்டர். வண்டி கிட்டே வந்த பிறகுதான் விசையை அழுத்தினோம், சுமார் 20 மீட்டர் இருக்கும். பாதுகாப்புக்காக இரண்டு பேரும் மஞ்சள் மேலங்கி போட்டிருந்தோம். வந்ததையெல்லாம் அளந்தோம். இசைக்கவை என்று ஒன்று பெட்டியில் இருந்தது, அது எதற்கென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டோம்.

சாலைக்கணக்கு:

சரி, புரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாலை அளவை வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். நீங்கள் செய்த தவறுகளை என் முதல் வருடத்தில் நானும் செய்திருக்கிறேன்.

ரேடார் துப்பாக்கி அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். 1842-இல் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவு அது. நெருங்கும் வண்டிக்கு அதிர்வெண் கூடும், விலகும் வண்டிக்குக் குறையும். கைப்பிடிக் கருவிகள் பலவும் 24.15 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. அந்த அலைக்கு மணிக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 44.7 ஹெர்ட்ஸ் மாற்றம். கருவி அந்த மாற்றத்தை எண்ணி வேகமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று: கருவி பார்ப்பது வண்டி *கருவியை நோக்கி* வரும் வேகத்தை மட்டும். வண்டி வரும் கோட்டிலேயே நின்றால் முழு வேகம் தெரியும். பக்கவாட்டில் விலகி நின்றால் அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கிய வேகம்தான் தெரியும், அது எப்போதும் குறைவாகவே இருக்கும். நீங்கள் 12 மீட்டர் தள்ளி நின்று 20 மீட்டரில் அளந்தீர்கள். கோணம் ஏறக்குறைய 31 டிகிரி, கோசைன் 0.857. அதாவது 70-இல் வந்த கார் உங்கள் திரையில் 60. பலகைக்குச் சரியாகப் பொருந்திப் போயிருக்கும்! உங்கள் 54-ஐ 0.857-ஆல் வகுத்தால் 63 வருகிறது.

உடனே அந்த 63-ஐ எழுதிவிடாதீர்கள். வண்டி கிட்டே வரவரக் கோணம் பெருகும். ஒன்றை 25 மீட்டரில் பிடித்திருப்பீர்கள், இன்னொன்றை 15-இல். ஒரே எண்ணால் வகுத்துச் சரிசெய்ய முடியாது, திரும்ப அளப்பதுதான் வழி. தடத்திலிருந்து 6 மீட்டருக்குள் நின்று, வண்டி 60 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது பிடியுங்கள். கோணம் 6 டிகிரிக்கும் கீழே வரும், பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது.

இசைக்கவை விஷயம். தட்டினால் எப்போதும் ஒரே சீராக அதிரும் கவை அது. அதன் தண்டில் ஒரு வேகம் பொறித்திருக்கும். மரத்திலோ செருப்பின் அடியிலோ தட்டி (இரும்பிலும் சிமெண்டிலும் தட்டவே கூடாது), கருவியின் வாய்க்கு முன்னால் சில சென்டிமீட்டரில் பிடித்தால் திரையில் அந்த வேகம் வர வேண்டும். 80 கிலோமீட்டர் என்று பொறித்த கவை விநாடிக்குச் சுமார் 3,580 முறை அதிரும், கணக்கு அதே 44.7தான். வேறு அலைவரிசைக் கருவியின் கவையைத் தட்டினால் எண் பொருந்தாது, ஆகவே பெட்டியில் இருப்பது அந்தக் கருவியோடு வந்ததுதானா என்று தம்பி பார்க்கட்டும். தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை தட்டி இரண்டையும் தாளில் எழுதுங்கள். உங்கள் அளவை யாராவது சந்தேகித்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம், சனிக்கிழமை பள்ளி இல்லையே டீச்சர்?

பழைய லோரிக்காரன்:

டீச்சருக்கு வணக்கம். நான் செம்பனைக் குலை (எண்ணெய்ப்பனைப் பழக்குலை) ஏற்றி முப்பது வருசம் ஓட்டியவன், அந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் எனக்குப் பழக்கம். சாலைக்கணக்கு ஐயா சொன்ன கோணக் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் மஞ்சள் மேலங்கி பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் மஞ்சள் உடையில் கையில் ஏதோ பிடித்து நிற்பதைப் பார்த்த முதல் ஓட்டுநர் எதிரே வருகிறவனுக்கு விளக்கடித்திருப்பான். அவன் அடுத்தவனுக்கு. அரை மணி நேரத்தில் ஆலை வாசல்வரை சேதி போயிருக்கும். நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம், மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் அளந்தது, போலீஸ் நிற்கிறது என்று நினைத்து ஓட்டியவனின் வேகத்தை.

இன்னொன்று. லோரி என்று ஒரே கணக்காக எழுதாதீர்கள். குலை ஏற்றிய லோரி அந்த முனையில் 50-ஐத் தாண்டாது, ஏற்றம் அப்படி. ஆலையில் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்புவதுதான் பறக்கும், அடுத்த நடை பிடிக்க வேண்டுமே. நடைக் கணக்கில்தான் கூலி. ஏற்றியதையும் காலியையும் கலந்து சராசரி எடுத்தால் இரண்டுமே நல்ல பிள்ளையாகத் தெரியும்.

அண்ணன் மகன்:

டீச்சர் சொன்ன அந்தப் பையன் நான்தான். ஐயா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. கவை எங்கள் கருவியோடு வந்ததுதான், இன்று தட்டிப் பார்த்தேன், சரியாகக் காட்டுகிறது. கேள்வி: எத்தனை வண்டி அளந்தால் போதும்? 40 போதும் என்று ஒருவர் சொல்கிறார், 200 வேண்டும் என்று இன்னொருவர்.

சாலைக்கணக்கு:

தம்பி, அது எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாய் என்பதைப் பொறுத்தது. வேகங்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வேகங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். சராசரியை 2 கிலோமீட்டர் முன்பின்னாக, 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால்: 1.96 பெருக்கல் 8, அதை 2-ஆல் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கு. 62 வண்டி வரும். 85-ஆம் விழுக்காட்டு வேகத்தை அதே துல்லியத்தில் சொல்ல ஏறக்குறைய 95 வேண்டும், ஓரத்தில் இருக்கும் எண் நடுவில் இருப்பதைவிட அதிகம் ஆடும் என்பதால். அதனால்தான் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு 100 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகை வண்டிக்கும், ஒவ்வொரு திசைக்கும் தனியாக 100. கிடைக்காத வகையில் கிடைத்த எண்ணிக்கையை மறைக்காமல் எழுது.

டீச்சருக்காக: 85-ஆம் விழுக்காடு என்பது 100 அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் 85-ஆவதாக நிற்கும் வேகம். நூற்றில் 85 பேர் அதற்குள் ஓட்டுகிறார்கள். சாலைப் பொறியாளர்கள் முதலில் பார்க்கும் எண் அது. சராசரியை மட்டும் கொடுத்தால் பறக்கிறவர்கள் அதற்குள் மறைந்துவிடுவார்கள்.

எந்த வண்டியை அளப்பது என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறோம். வேகமாக வருவதைக் கண்டால் கை தானாக விசைக்குப் போகும். அப்படிப் பொறுக்கினால் அது ஆய்வே இல்லை. மூன்றாவதாக வருவது, ஆறாவதாக வருவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து அதையே அளக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் இதற்கும் 5 விநாடியாவது இடைவெளி இருக்க வேண்டும். குலை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு 45-இல் ஊரும் காரின் வேகம் அந்த லோரியின் வேகம்தான். வரிசையாக வந்தால் முதல் வண்டியை மட்டும் எடு.

கம்பத்து மோட்டார்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று கேட்கலாமா? அந்த 40-இல் மோட்டார் சைக்கிள் எத்தனை? நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். தோட்டத்துச் சனம் எதில் போகிறது? கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில்தான்.

தோட்டத்து டீச்சர்:

தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்று. 40-இல் மூன்றே மூன்று.

நான் முதல் பதிவில் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். பையனை அடித்தது கார் இல்லை, லோரி இல்லை. குலை லோரியை முந்திக்கொண்டு வந்த கப்சாய். ஓட்டியவனும் பக்கத்துத் தோட்டத்துப் பையன், பதினெட்டு வயது, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வந்தவன். அவனுக்கும் தோள்பட்டை போயிற்று. இரண்டு குடும்பமும் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள், அதனால் எழுதத் தயங்கினேன். ஒரு மணி நேரத்தில் அந்த முனையில் நிறைய கப்சாய் போயிருக்கும். ஏன் மூன்றுதான் விழுந்தது?

சாலைக்கணக்கு:

கம்பத்து மோட்டார், நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நன்றி.

டீச்சர், ரேடார் கதிர் கைவிளக்கின் ஒளிபோல விரிந்துகொண்டே போகும். பல கைப்பிடிக் கருவிகளில் விரிவு 12 டிகிரி அளவு. 100 மீட்டர் தூரத்தில் அது 21 மீட்டர் அகலம். இரண்டு தடமும், சாலை ஓரமும், ஒட்டுக்கடையும் அதற்குள் அடங்கிவிடும். அந்த அகலத்துக்குள் இருக்கும் எல்லாவற்றிலும் பட்டு அலை திரும்புகிறது, கருவி பொதுவாக மிக வலுவாகத் திரும்பியதைக் காட்டுகிறது. லோரியின் முகப்பு ஒரு இரும்புச் சுவர். கப்சாயில் திருப்பி அனுப்ப என்ன இருக்கிறது? குறுகிய முகம், பிளாஸ்டிக் உறை, மேலே உட்கார்ந்திருக்கும் ஆள். ஆகவே கப்சாய் முன்னால் வந்தாலும் பின்னால் வரும் லோரியின் வேகமே திரையில் நிற்கும். கருவி அந்த மோட்டாரைக் கேட்கவே இல்லை. அதிவேகத்தைத் தனியாகக் காட்டும் வசதி சில கருவிகளில் உண்டு, அதுவும் கூட்டத்தில் நம்பத்தக்கதல்ல. லேசர் துப்பாக்கியின் கதிர் மெல்லியது, 300 மீட்டரில் ஏறக்குறைய 1 மீட்டர்தான் விரியும், குறிபார்த்த வண்டியை மட்டும் பிடிக்கும். அது உங்களிடம் இல்லை.

தனியாக வரும் கப்சாயை ரேடாரால் அளக்கலாம், கொஞ்சம் கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் முனையில் ஆபத்து தனியாக வரும் கப்சாயால் இல்லை, முந்துகிற கப்சாயால். அதற்கு வேறு முறை வேண்டும்.

அண்ணன் மகன்:

கைப்பேசியில் காணொளி எடுத்தால் ஆகுமா ஐயா? விநாடிக்கு 30 படம் பதிகிறது.

சாலைக்கணக்கு:

பேஷாக ஆகும். சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி வை, நாடாவால் அளந்து. ஒரு குறியைத் தாண்டும் படத்திலிருந்து அடுத்ததைத் தாண்டும் படம்வரை எண்ணு. விநாடியாக மாற்றி 180-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர். 90-இல் வருகிறவன் 50 மீட்டரை 2 விநாடியில், 60 படத்தில் கடப்பான். எண்ணுவதில் ஒரு படம் தவறினால் பிழை 1.5 கிலோமீட்டர்தான். இதையே கையால் நிறுத்துக்கடிகாரத்தில் செய்தால் விரல் 0.2 விநாடி முந்தினாலே 90 நூறாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே இடத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் குறியைத் தாண்டுவது முன்பின்னாகத் தெரியும். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிக்கு எதிரே, சாலையோரத்தில் உயரமான இடத்தில் கைப்பேசியை வை. கோயில் மதில் எப்படி? குறிக்கு நேர் எதிரே மறுபக்க ஓரத்திலும் ஒரு குறி வைத்துவிட்டால் இரண்டையும் சேர்த்த கோட்டைத் தாண்டுவதை எண்ணலாம்.

பழைய லோரிக்காரன்:

பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நேரத்தில்தானே அளக்க வேண்டும்? காலை 6.30-க்கு இருட்டாக இருக்குமே தம்பி, படத்தில் என்ன தெரியும்?

கம்பத்து மோட்டார்:

விளக்கு தெரியும் அண்ணே. 1992-இலிருந்து மோட்டார் சைக்கிள் பகலிலும் விளக்கெரியத்தான் ஓட வேண்டும். இருட்டில் அது இன்னும் தெளிவாக ஒற்றைப் புள்ளியாகத் தெரியும், காருக்கு இரண்டு. வகை பிரிக்கவும் சுலபம்.

பாதசாரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் 85-ஆம் விழுக்காடு, 85-ஆம் விழுக்காடு என்கிறீர்கள். அது பிள்ளைகளுக்கு எதிராகவே திரும்பும் எண் என்று நான் நினைக்கிறேன். நூற்றில் 85 பேர் 75 வரை ஓட்டினால், "இந்தச் சாலைக்கு 75 இயல்பான வேகம், பலகையை உயர்த்துங்கள்" என்று சொல்லவும் அதே எண்ணைத்தான் காட்டுவார்கள். ஓட்டுகிறவர்கள் வாக்களித்து முடிவு செய்த வேகம் அது. சாலையைக் கடக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வாக்கில் இடமே இல்லை. பள்ளி வட்டாரத்துக்கு நம் நாட்டில் 30 என்று வைத்திருப்பது ஏன்?

சாலைக்கணக்கு:

உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். 85 என்பது சாலையில் இப்போது *என்ன நடக்கிறது* என்று சொல்லும் எண். *எது நடக்க வேண்டும்* என்று அது சொல்லாது. ஆனால் அதை விட்டுவிட்டால் டீச்சரின் தாளை அலுவலகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே அதைக் கொடுத்து, பக்கத்திலேயே வேறு இரண்டையும் கொடுக்க வேண்டும்.

ஒன்று, பலகை வேகத்தைத் தாண்டியவர் நூற்றுக்கு எத்தனை என்பது. இரண்டு, நிறுத்தும் தூரம். சாலை வடிவமைப்பில் ஓட்டுநர் கண்டு சுதாரிக்க 2.5 விநாடி, பிறகு விநாடிக்கு விநாடி 3.4 மீட்டர் வேகக் குறைப்பு என்று கணக்கிடுவது வழக்கம். அதன்படி 60-இல் வருகிறவன் நிற்க ஏறக்குறைய 83 மீட்டர், 80-இல் வருகிறவனுக்கு 128. டீச்சர், பிள்ளைகள் கடக்கும் இடத்திலிருந்து வளைவு எத்தனை மீட்டர்?

தோட்டத்து டீச்சர்:

இன்று பள்ளி விட்டதும் நாடாவோடு போய் அளந்தேன். 95 மீட்டர். அதற்கு அப்பால் செம்பனை மறைக்கிறது.

பாதசாரி:

அந்த ஒரு வரியைத் தாளின் முதல் பக்கத்தில் வையுங்கள் டீச்சர். 60-இல் வந்தால் நிறுத்தலாம், 80-இல் வந்தால் முடியாது. அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதையும் கீழே சேர்த்துக்கொள்ளலாம். நான் கேட்டது பதிலோடு வந்துவிட்டது, 85-ஐயும் போடுங்கள்.

பழைய லோரிக்காரன்:

எப்போது நிற்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். என் வேனைக் கொண்டுவந்து ஒட்டுக்கடை ஓரத்தில் நிறுத்துகிறேன், தம்பி அதற்குள் உட்கார்ந்து அளக்கட்டும். அங்கே தினமும் வேன் நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சாலைக்கணக்கு:

அருமையான யோசனை. வேனுக்குள் இருந்தால் குளிர்சாதனக் காற்றாடியை நிறுத்திவிடுங்கள். அது சுழல்வதையும் கருவி வண்டி என்று நினைத்து ஒரு வேகம் காட்டும். கண்ணாடியை இறக்கி அளக்கவும். மழை பெய்தால் அன்றைக்கு வேண்டாம், நனைந்த சாலையில் ஓட்டம் வேறு. பதிவு எண் எதையும் எழுதாதீர்கள், நாம் யாருக்கும் சம்மன் கொடுக்கப் போகவில்லை.

தோட்டத்து டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செவ்வாய், புதன், வியாழன் என்று இரண்டு வாரம் காலை 6.30 முதல் 7.30 வரை நின்றோம். ஒரு நாள் மழை, அதை விட்டுவிட்டோம். வேன் தடத்திலிருந்து 5 மீட்டர், வண்டி 70 மீட்டரில் வரும்போது அளவு. கவை தினமும் இரண்டு முறை.

பட்டணத்திலிருந்து வரும் திசையில் கார் 118, 85-ஆம் விழுக்காடு 76. ஏற்றிய லோரி 31, அது 51. காலி லோரி 27, அது 72. லோரிக்கார அண்ணன் சொன்னது அப்படியே. கப்சாயைத் தம்பி கோயில் மதிலிலிருந்து காணொளியில் எண்ணினான், 104 கிடைத்தது, 85-ஆம் விழுக்காடு 81. அந்த 104-இல் லோரியையோ காரையோ முந்தியவர்கள் 22 பேர். அவர்களைத் தனியாக எழுதியிருக்கிறோம். எண்ணி முடித்த இரவு தம்பி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவனும் தினமும் அந்த வழியில் கப்சாயில்தான் பாலிடெக்னிக் போகிறான்.

சாலைக்கணக்கு:

லோரி எண்ணிக்கை குறைவு என்பதைத் தாளிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்களே சொல்லிவிட்டால் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. கையால் எழுதிய மூலத் தாள்களையும் நகலெடுத்து இணையுங்கள். ஒன்று கேட்க வேண்டும்: வேகத்தடை போட்டால் கப்சாய்க்காரர்கள் ஓரத்தில் இருக்கும் இடுக்கில் புகுந்து போவார்கள். முந்துவதைத் தடுக்க இரட்டைக் கோடும், நடுவில் தடுப்புத் திட்டும் சேர்த்துக் கேட்டீர்களா?

தோட்டத்து டீச்சர்:

கேட்டிருக்கிறோம் ஐயா, அந்த 22 பேரைக் காட்டித்தான். வேகத்தடையை இரண்டாவதாகப் போட்டோம். நேற்று கொடுத்துவிட்டு முத்திரை வாங்கி வந்தேன். வேன் நின்ற இடத்துக்கு நேரே இருக்கும் விளக்குக் கம்பத்தின் எண்ணையும், மதிலில் கைப்பேசி வைத்த கல்லையும் தம்பி படம் பிடித்து வைத்திருக்கிறான். ஏதாவது மாற்றம் செய்த பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில் திரும்ப அளக்க வேண்டும். அண்ணே, வேன் அப்போதும் வேண்டும்.

பழைய லோரிக்காரன்:

முந்தின நாள் இரவு சொல்லுங்கள் டீச்சர், போதும். பையன் நடக்கிறானா?

தோட்டத்து டீச்சர்:

கோலை ஊன்றிக்கொண்டு வகுப்புக்கு வருகிறான். அப்பா கொண்டுவந்து விடுகிறார்.